போர் தண்ணீருக்கு ஆர்.ஓ.: பல வருடப் பயன்பாட்டில், உலோகங்கள் விஷயத்தில் எது நிற்கிறது, எது கைவிடுகிறது

டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு) மீட்டரில் 60 என்று வந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் நிம்மதியாகிவிடுகிறார்கள். போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் ஒரு ஆர்.ஓ. மெஷினை நான்கைந்து வருடம் ஓட்டும் எவருக்கும் முதலில் சொல்ல வேண்டியது, அந்த எண் உப்பின் கணக்கு மட்டுமே என்பதுதான். காரீயத்துக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கைமீட்டர் காட்டும் மிகச் சிறிய படியே 1 மில்லிகிராம். எல்லையைப் போல முப்பது மடங்கு காரீயம் கலந்திருந்தாலும் அதில் ஓர் எண்கூட நகராது. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உலோகம் அப்படியே இருக்கும், தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

காரீயத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் குழந்தைகள். பெரியவர்களைவிட அவர்கள் உடல் அதை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. மூளை வளர்ச்சி, கற்கும் திறன், கவனம் எல்லாம் பாதிக்கப்படும். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவு கண்டறியப்படவில்லை. பெரியவர்களுக்கு ரத்த அழுத்தமும் சிறுநீரகமும். செம்பு வேறு மாதிரி: அளவு மீறினால் குமட்டல், வயிற்றுவலி என்று உடனே காட்டிக்கொடுக்கும். இரும்பு கறையும் நாற்றமும்தான், ஆனால் மெஷினுக்கு அதுதான் எமன்.

ஆர்.ஓ. மெஷினுக்குள் தண்ணீரை வடிகட்டும் நுண்ணிய சவ்வுதான் மெம்பிரேன். நல்ல நிலையில் இருந்தால் அது காரீயம், காட்மியம், குரோமியம், செம்பு ஆகியவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். அந்த வகையில் ஆர்.ஓ. நம்பத்தக்கது. தோல் கழிவால் குரோமியம் இறங்கிய ராணிப்பேட்டை, பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீருக்கு கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கோ, நுண்துளை யு.எஃப். வடிகட்டியோ போதாது, கரைந்த உலோகம் இரண்டையும் தாண்டிப் போய்விடும்.

கோட்டை விடுவது மெம்பிரேன் அல்ல, அதைச் சுற்றிப் போகும் வழி. பல மெஷின்களில் எம்.டி.டி.எஸ். என்றோ டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்றோ ஒரு சிறு திருகு இருக்கும். "தண்ணி சப்புன்னு இருக்கு" என்றால் சர்வீஸ் ஆள் அதைத் திறந்துவிட்டுப் போவார். அது எந்தத் தாதுவையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. மெம்பிரேனுக்குள் போகாத போர் தண்ணீரைச் சுத்த நீரில் கலக்கிறது, அவ்வளவுதான். கணக்கு எளிது: டி.டி.எஸ். மீட்டரில் போர் தண்ணீர் 900, திருகு மூடியிருக்கும்போது 60, திறந்த பிறகு 150 என்றால், 90-ஐ 840-ஆல் வகுக்க வேண்டும். நீங்கள் குடிப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வடிகட்டாத பச்சைத் தண்ணீர். போர் தண்ணீரில் இருக்கும் உலோகமும் அதே விகிதத்தில் டம்ளருக்கு வருகிறது. உலோகப் பரிசோதனை செய்யாத போர் தண்ணீரில் இந்தத் திருகு முழுக்க மூடியே இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ருசிக்காக அதைத் திறக்கவே கூடாது.

அடுத்த ஓட்டை கடைசி அரை அடியில். சிங்க்குக்கு அடியில் பொருத்தும் மாடல்களில் பளபளவென்று வளைந்த குழாய் ஒன்று தருவார்கள். மேலே குரோமியம் பூச்சு, உள்ளே பல நேரம் பித்தளை. எளிதாகக் கடைவதற்காகப் பித்தளையில் காரீயம் சேர்ப்பது வழக்கம். ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு, புளிப்புத்தன்மை சற்று அதிகம். அதனால் அது உலோகத்தை அரிக்கும். இரவு முழுக்கக் குழாயில் தங்கும் நீர்தான் மோசம். காலையில் முதல் டம்ளரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். மெஷினுக்குப் பின்னால் உள்ள டியூபும் குழாயும் பிடிக்கும் தண்ணீர் அவ்வளவுதான். குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க அந்த முதல் தண்ணீரை எடுக்கவே கூடாது. கீசர் வெந்நீரில் உலை வைப்பதும் வேண்டாம், சூட்டில் உலோகம் கூடுதலாகக் கரையும்.

இப்போது இரும்பு. போரிலிருந்து வரும்போது கண்ணாடி போல் இருக்கும். பக்கெட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் மஞ்சளாகி அடியில் துரு படியும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே கறை தெரிய ஆரம்பிக்கும். வீட்டிலேயே பார்க்க, வடிகட்டிய தேயிலை டிகாக்‌ஷனில் இந்தத் தண்ணீரைக் கலக்குங்கள். இரும்பு அதிகமென்றால் மை போலக் கறுக்கும். இத்தகைய தண்ணீரில் மூன்று மாதம் வர வேண்டிய தூசியும் துருவும் பிடிக்கும் 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர் ஒரு மாதத்தில் செங்கல் நிறமாகும். கழுவி மறுபடி போடுவது வீண்வேலை, உள்ளிழைகளில் உள்ள துரு போகாது. இதைவிட மோசமான கூட்டணி ஒன்று உண்டு. டேங்கில் பிளீச்சிங் பவுடர் போட்டு, குளோரினைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டரும் காலாவதியாகியிருந்தால், குளோரின் மெம்பிரேனை அரிக்கும். அங்கே படிந்த இரும்பு அந்த அரிப்பை வேகப்படுத்தும். இரும்பு உள்ள வீட்டில் ஆர்.ஓ.வுக்கு முன்னால் தனி அயர்ன் ரிமூவல் ஃபில்டர் வைப்பது செலவானாலும் சரியான செலவு.

மெம்பிரேன் எப்படி இருக்கிறது என்று மாதம் ஒருமுறை பார்க்கலாம். மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு டி.டி.எஸ். அளக்க வேண்டும். நின்றிருந்த மெஷினின் முதல் நீரில் எண் எப்போதும் கூடத்தான் காட்டும். உள்ளே 900, வெளியே 60 என்றால் 93 சதவீதம் தடுக்கிறது. இது 85-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். புது மெம்பிரேன் போட்ட அன்றே எண் அதிகமென்றால் மெம்பிரேனைக் குறை சொல்லாதீர்கள். அநேகமாக அதன் தண்டில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மடங்கியிருக்கும், பச்சைத் தண்ணீர் அந்த வழியாக நுழைகிறது. கழிவு நீரையும் ஒரு நிமிடம் ஜாடியில் பிடித்து அளவைக் குறித்து வையுங்கள். 75 ஜி.பி.டி. (நாளுக்கு 75 கேலன்) மெம்பிரேனில் சுத்த நீர் நிமிடத்துக்கு 200 மில்லி அளவில் வரும், கழிவு அதைவிட அதிகம் வர வேண்டும். கழிவு சட்டென்று குறைந்தால் கழிவு நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் அடைத்திருக்கிறது. "தண்ணி வீணாகலையே" என்று சந்தோஷப்பட்டால் மெம்பிரேன் உப்புப் படிந்து சீக்கிரம் செத்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் உலோகத்துக்கு ஆய்வகம் ஒன்றே வழி. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் காரீயம் பெரும்பாலும் வராது; "கன உலோகங்கள்" என்று தனியாகக் கேட்க வேண்டும். மூன்று பாட்டிலை ஆய்வகத்திடமே வாங்குங்கள், உலோகம் சுவரில் ஒட்டாதிருக்க நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். இரவு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் சமையலறைக் குழாயைத் திறக்காமல் வைத்து, காலையில் வரும் முதல் லிட்டரை ஒன்றில் பிடியுங்கள். மூன்று நிமிடம் ஓடவிட்டு இரண்டாவதைப் பிடியுங்கள். மூன்றாவது ஆர்.ஓ. தண்ணீர், அதுவும் காலை முதல் நீராகவே இருக்கட்டும். முதல் பாட்டிலில் மட்டும் காரீயம் என்றால் குழாயையோ பக்கத்து ஃபிட்டிங்கையோ மாற்றினால் போதும். முதல் இரண்டிலும் என்றால் போர் அல்லது பழைய பி.வி.சி. பைப், காரீயம் சேர்த்துச் செய்த பைப்புகள் பழைய வீடுகளில் இன்னும் இருக்கின்றன. மூன்றாவதிலும் வந்தால், புது மெஷின் விலை கேட்கும் முன் எம்.டி.டி.எஸ். திருகையும் அந்தப் பளபளக் குழாயையும் பாருங்கள்.