ஒட்டுகிற டயர் பேசாது: ஆட்டோகிராஸில் 200 ட்ரெட்வேர் டயர் அனுபவம்

அலுவலக நண்பர் ஒருவர் இந்தக் கோடையில்தான் ஆட்டோகிராஸுக்கு வரத் தொடங்கினார். கூம்புகள் வைத்து அமைத்த பாதையில் ஒவ்வொரு காராக நேரத்துக்கு எதிராக ஓடும் போட்டி அது. பருவம் முடிகிற நேரம் என்பதால் டயர் விலையைக் குறைத்திருக்கிறார்கள். "நீங்கள் போட்டிருக்கும் அதே டயரை நானும் வாங்கிவிடட்டுமா? இரண்டு வினாடி குறையும் என்கிறார்களே" என்று கேட்டார். ஒரே சொல்லில் பதில் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். எனக்கு இந்த டயரோடு அவ்வளவு சுமுகமான உறவு இல்லை.

அளவு, விலை, சுமைக் குறியீடு எல்லாம் விற்பவர்களின் பக்கங்களிலேயே இருக்கின்றன. டயரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் புகார்கள், சாலையிலும் ஓட்டக்கூடிய ஆனால் தரையில் பசைபோல் ஒட்டும் இந்த மென்ரப்பர் டயர் இனத்துக்கே ஏறக்குறைய உரியவை. ஒரு நிறுவனத்தின் தலையில் மட்டும் கட்டினால் நியாயமாகாது. கார் மாஸ்டா எம்எக்ஸ்-5, என்டி தலைமுறை, 16 அங்குலச் சக்கரங்கள். இடம் மிச்சிகன். ஓடுவது பழைய விமான ஓடுபாதைகளிலும் பெரிய வாகன நிறுத்துமிடங்களிலும்.

முதலில் கற்களைப் பற்றிச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதை நிதானமாக எழுத முடியாது.

ஓட்டம் முடிந்து, சூடேறிய டயரோடு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு மெதுவாகத் திரும்பும்போது, தரையில் கிடக்கும் எதையும் இந்த ரப்பர் விட்டுவைப்பதில்லை. ஜல்லி, பெயர்ந்த தார்த் துணுக்கு, மற்ற கார்கள் உதிர்த்த ரப்பர் உருண்டை, ஒருமுறை யாருடைய வண்டியிலிருந்தோ கழன்று விழுந்த வாஷர் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். மாலையில் நெடுஞ்சாலையில் ஏறி வேகமெடுத்ததும் அவை ஒவ்வொன்றாகப் பிய்ந்து சக்கர வளைவின் உள்பக்கத்தில் அறையும். துணிக்கூரை போட்ட காரில் தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் கேட்கும். நின்றுவிட்டது என்று நினைத்து வானொலியைப் போட்டால் இன்னொன்று. சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் டயரைச் சுரண்டிப் பார்த்தேன். புல்வெளி ஓரமாக உருட்டிப் பார்த்தேன். பாதிதான் போகும். போட்டிக்கென்று தனிச் சக்கரங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். இந்தக் காரின் பின்பெட்டி 130 லிட்டர். நான்கு சக்கரங்களை அதில் வைக்க முடியாது. அதற்காகவே எம்எக்ஸ்-5க்குப் பின்னால் குட்டி டிரெய்லரை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரித்த காலம் போய்விட்டது. பின்சக்கரத்துக்கு முன்னால் பெயின்ட் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்து, சென்ற வாரம்தான் அதைச் சரிசெய்யப் பணம் கொடுத்தேன். கீழே நான் கொஞ்சம் சூடாகப் பேசினால் அந்த ரசீதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நியாயம். டயர் வேகமானது, அதில் வாதமே இல்லை. காரின் பழைய உரிமையாளர் விட்டுச்சென்ற, எல்லாப் பருவத்துக்குமான சாதாரண ஆல்-சீசன் டயர்களைக் கழற்றிவிட்டு இதைப் போட்டதும், ஒரு நிமிடம் பிடிக்கும் பாதையில் ஏறக்குறைய இரண்டு வினாடி குறைந்தது. நாளுக்கு நாள் பாதை மாறும் விளையாட்டு இது. அதனால் எப்போதும் என்னைவிட இரண்டு வினாடி முன்னால் இருந்தவரை எட்டிப் பிடித்ததை வைத்துத்தான் சொல்கிறேன். பிரேக்கை மிதித்தால் தோள்பட்டை வார் நெஞ்சில் பதிகிறது. வரிசைக் கூம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் ஸ்லாலத்தில் இடமிருந்து வலம் மாறும்போது பழைய டயரில் இருந்த அந்த அரைநொடித் தயக்கம் இல்லை. ஸ்டியரிங்கை அசைத்தால் மூக்கு அங்கே போய்விடுகிறது. முதல் நாள் வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு வாய் மூடவில்லை. அந்த மகிழ்ச்சி உண்மையானது.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் 200 என்ற எண்ணைப் பற்றி ஒரு பேச்சு. அமெரிக்காவின் கார் விளையாட்டுச் சங்கமான எஸ்சிசிஏ விதிகளின்படி, காரை அதிகம் மாற்றாமல் ஓடும் ஸ்ட்ரீட் பிரிவில் ஓட வேண்டுமானால் டயரின் தேய்மானக் குறியீடு (ட்ரெட்வேர்) குறைந்தது 200 இருக்க வேண்டும். இந்தக் குறியீட்டுக்கான சோதனை மேற்கு டெக்சாஸில் சான் ஆஞ்சலோ பக்கத்தில் நடக்கிறது. பொதுச்சாலையில் 7,200 மைல் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை வைத்துப் பார்க்கிறார்கள். ஒப்பீட்டு டயர் 100 என்றால், 200 அதைப்போல் இரு மடங்கு உழைக்க வேண்டும். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் எண்ணைத் தீர்மானித்துப் பொறிப்பது தயாரிப்பாளரே. விதி 200 கேட்கிறது. ஆகவே எல்லோரும் 200 என்று பொறிக்கிறார்கள். யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், ஃபால்கன் ஆர்டி660 எல்லாமே 200. இவற்றைவிட நெடுநாள் உழைக்கும் என்று பெயர் வாங்கிய ஹான்கூக் ஆர்எஸ்4 என்பதும் 200தான். அந்த எண்ணைப் பார்த்து ஆயுளைக் கணக்கிட்டால் ஏமாந்து போவீர்கள்.

ஆனால் தேய்மானம் என்னை உறுத்தவில்லை. கற்களும், உண்மையைச் சொன்னால், இரண்டாம் இடம்தான். என்னை விடாமல் உறுத்துவது இந்த டயரின் மௌனம்.

பழைய ஆல்-சீசன் டயர்கள் வளைவுக்குள் நுழைந்ததுமே பேசத் தொடங்கும். ரப்பர்க் கட்டைகள் தரையைப் பிடித்து வழுக்கி, மறுபடி பிடித்து அதிர்வதால் வரும் சத்தம் அது. பிடி தீர்வதற்கு வெகு முன்பே முணுமுணுக்கும். எல்லைக்கு அருகில் ஒரே சுருதியில் பாடும். எல்லை தாண்டினால் அலறும். புதிதாக வருகிறவருக்கு ஸ்டியரிங்கின் கனத்தில் வரும் செய்தியோ இருக்கை வழியாக வரும் செய்தியோ பிடிபடாது. காதுக்குப் பயிற்சி தேவையில்லை.

புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் நேரத்தை இழக்கிறார்கள். வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைவார்கள். முன்சக்கரங்கள் திரும்பாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். உடனே ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவார்கள். பிடி மேலும் குறையும். அங்கே செய்ய வேண்டியது நேர் எதிரானது: ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்தி, டயருக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது. ஆல்-சீசன் டயரில் தளர்த்திய அந்தக் கணமே அலறல் முணுமுணுப்பாக இறங்கும், கார் உள்ளே திரும்பும். காரணமும் விளைவும் அடுத்தடுத்த நொடியில் காதில் விழுந்துவிடும். ஒரே காலையில் பாடம் பதிந்துவிடும்.

ஒட்டும் டயரில் அதே தவறு சத்தமில்லாமல் நடக்கும். லேசாக ஓர் உறுமல், அவ்வளவுதான். கார் கொஞ்சம் அகலமாகப் போகும், ஆனாலும் போய்ச் சேரும். நேரமும் முன்பைவிடக் குறைவாகவே வந்திருக்கும் என்பதால் எதையோ இழந்தோம் என்ற எண்ணமே எழாது. அந்த இழப்பு எழுதப்படும் இடம் டயரின் வெளித்தோள். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டியபோது, முன் டயரின் வெளித்தோள் வழித்துவிட்டாற்போல் இருந்தது; உள்தோளிலோ அச்சிலிருந்து வந்த ரப்பர் மயிர்கள் சில இன்னும் நின்றன. பாதிக் காரணம் கேம்பர்: தொழிற்சாலை அமைப்பில் சக்கரம் போதுமான அளவு உள்சாய்வு இல்லாமல் நிற்கிறது. என்டியில் கீழே உள்ள போல்ட்டைத் திருப்பி ஓரளவு சரிசெய்யலாம். மீதிப் பாதி அந்தச் சத்தமில்லாத தள்ளல்.

களப்பணியில் நின்றால் இது இன்னும் தெளிவாகக் கேட்கும். இந்த விளையாட்டில் ஓடாத நேரத்தில் எல்லோரும் பாதையில் நின்று வேலை செய்தாக வேண்டும்: விழுந்த கூம்பை நிமிர்த்துவது, சுண்ணாம்பால் வரைந்த சதுரத்தை விட்டு முழுவதுமாக நகர்ந்துவிட்டதா என்று பார்ப்பது, வானொலிக் கருவியில் சொல்வது. ஒரு கூம்புக்கு இரண்டு வினாடி தண்டம். கூம்புகளுக்கு நடுவே கடக்க வேண்டிய ஒரு வாயிலைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. பலர் இதைச் சலிப்போடு செய்கிறார்கள். எனக்கு ஓடுவதைவிட இதில்தான் அதிகம் தெரியவந்தது. ஆல்-சீசன் டயரோடு வரும் புதியவர்களின் கார், வளைவின் நுழைவில் அலறிவிட்டு நடுவில் அடங்கிப்போகும். கைதேர்ந்தவர்களின் கார் நுழைவில் அமைதி. நடுவிலிருந்து வெளியேறும்வரை ஒரே தாழ்ந்த சுருதி. கண்ணை மூடிக்கொண்டே யார் வேகம் என்று சொல்லிவிடலாம். ஒட்டும் டயர் போட்ட கார்களுக்கு இந்தச் சோதனை செல்லாது. எல்லாம் ஒன்றுபோல் கேட்கும்.

பழைய டயர் காலத்தில், பல ஆண்டுகளாக ஓடும் ஒரு பெண்மணி என் காரை ஓட்டிக் காட்டினார். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அதே டயர், அதே பாதை. என் மிகச் சிறந்த நேரத்தைவிட நான்கு வினாடி குறைவு. டயர் தந்தது இரண்டு. ஓட்டுநர் தந்தது நான்கு. அவர் செய்தவற்றில் மாயம் எதுவும் இல்லை. பிரேக்கை நேராகப் போகும்போதே ஒரே ஒருமுறை பலமாக மிதித்து, வளைவுக்குள் மெல்ல விட்டார். ஸ்லாலத்தில் கூம்பை அடைவதற்கு முன்பே திரும்பி முடித்திருந்தார். கூம்பைக் கடக்கும்போது கார் அடுத்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் கூம்பில் பிந்தினால் ஒவ்வொரு கூம்பிலும் பிந்துதல் கூடிக்கொண்டே போய், கடைசியில் பிரேக் பிடித்தே ஆக வேண்டும் என்றார். கண் எப்போதும் இரண்டு கூம்பு தள்ளியே இருந்தது. இவற்றில் எதற்கும் ஒட்டும் ரப்பர் தேவைப்படவில்லை.

வெப்பமும் காற்றழுத்தமும் தனிக் கதை. ஏப்ரலில் முதல் ஓட்டத்தில் டயர் குளிர்ந்து கல்லாக இருக்கும். ஜூலையில் இருவர் ஒரே காரைப் பகிர்ந்து ஓட்டினால் கொதித்து வழுக்கத் தொடங்கும். அப்போது தோட்டத்துக்கு மருந்தடிக்கும் தெளிப்பானால் ஓட்டங்களுக்கு இடையே தண்ணீர் தெளிக்க வேண்டும். கதவு விளிம்பில் 29 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கிறது. சரியான அழுத்தம் காருக்கும் டயருக்கும் ஏற்ப மாறும். டயரின் தோளில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஓடி வந்தபின் எவ்வளவு அழிந்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். கோடு பக்கச்சுவர்வரை அழிந்தால் அழுத்தம் போதாது. தோள்வரைகூட அழியாவிட்டால் அதிகம். சூடேறும்போது அழுத்தம் கூடுவதால் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் அளந்து இறக்க வேண்டும். ஓடுவதற்கு ஒரு நிமிடம், குனிந்து வால்வு மூடியைத் தேடுவதற்கு ஐந்து நிமிடம். ஆல்-சீசன் டயர் இவ்வளவு சேவை கேட்டதில்லை.

மிச்சிகனில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உறைகுளிரில் இந்த ரப்பர் கண்ணாடிபோல் ஆகிவிடும். அந்த நிலையில் உருட்டினால் விரிசல் விடலாம். நவம்பருக்குள் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். நெடுஞ்சாலையில் தேங்கிய மழைநீரிலும், முக்கியமாகப் பாதி தேய்ந்த பிறகு, இதை நம்பக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு: நண்பர் வாங்க வேண்டாம். நான்கு டயர், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்தால் விலை குறைந்த பிறகும் ஆயிரம் டாலரை நெருங்கும். எங்கள் பக்கத்தில் ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஐம்பது, அறுபது டாலர்தான். அந்தப் பணத்தில் அடுத்த பருவம் முழுவதும் ஓடலாம். எவல்யூஷன் போன்ற ஆட்டோகிராஸ் பள்ளி பக்கத்தில் நடக்கும்போது ஒரு நாள் சேரலாம். போகிற இடமெல்லாம் பயிற்சியாளரைப் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளலாம், அதற்குப் பெரும்பாலும் காசே கேட்பதில்லை. அவருடைய ஆல்-சீசன் டயர்களில் இன்னும் பாதி ரப்பர் இருக்கிறது. கத்தட்டும்.

இதையே நேரில் சொன்னபோது, "அப்படியானால் நீங்களும் கழற்றிவிடுங்கள்" என்றார். கழற்ற மாட்டேன். தேய்ந்ததற்குப் பதிலாக அதே டயரில் இன்னொரு செட் சொல்லியாகிவிட்டது. இதில் முரண்பாடு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு வினாடியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவரும் கேட்காமல் வாங்கத்தான் போகிறார் என்று தோன்றுகிறது. வாங்கினால் பக்கச்சுவரில் இருக்கும் தயாரிப்புத் தேதியையாவது பார்க்கட்டும். டிஓடி (DOT) என்று தொடங்கும் எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. விலை குறைப்பில் சில சமயம் கிடங்கில் நெடுநாள் கிடந்த சரக்கும் வரும்.