சுயசான்று கட்டட அனுமதி: என் அனுபவம்

வீடு கட்ட வரைபட அனுமதிக்கு எங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகத்தில் அப்பா 4 மாதம் அலைந்ததைப் பார்த்தவன் நான். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அதனால் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கிய, விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்று முறையில் என் மாடி வீட்டுக்கு விண்ணப்பித்தபோது பெரிய நம்பிக்கை எல்லாம் இல்லை.

மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும், அவ்வளவுதான் வரம்பு. பட்டா, பத்திரம், வரைபடம் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிக் கட்டணம் கட்டினேன், அனுமதி உடனே கையில் வந்துவிட்டது, யாரையும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வரைபடத்தைச் சரிபார்க்க வாங்கும் கூர்ந்தாய்வுக் கட்டணமும் இல்லை, வேலை முடிந்தபின் பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. பணத்தைவிட அந்த நிம்மதிதான் எனக்குப் பெரிது.

ஆனால் ஒன்று, முன்கூட்டியே யாரும் சரிபார்ப்பதில்லை என்பதால் பொறுப்பு முழுக்க நம் தலையில்தான், தவறான தகவல் கொடுத்திருந்தால் அனுமதியையே ரத்து செய்துவிடலாம். பட்டாவில் உள்ள அளவும் இடத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்று முதலில் டேப் பிடித்துப் பாருங்கள். எனக்கு ஒரு பக்கம் அரை அடி குறைந்தது, வரைபடத்தையே மாற்றிப் போட வேண்டியதாயிற்று. அப்புறம், பக்கத்து வீட்டுக்கு விடவேண்டிய இடத்தை விட்டே கட்டுங்கள், காற்றும் வெளிச்சமும் அவர்களுக்கும் வேண்டும்.