கோழி வெட்டுக்கு எஸ்பிஆர் ஈடிபி: இரண்டு வருடம் ஓட்டியதில் தெரிந்தது

பல்லடம் பக்கம் தினமும் 1,500 கோழி வெட்டிச் சுத்தம் செய்து அனுப்பும் சின்ன யூனிட் எங்களுடையது. நாளுக்கு 15,000 லிட்டர் கழிவுநீர் வரும். அதற்கு எஸ்பிஆர் முறையில் (எல்லாக் கட்டமும் ஒரே தொட்டியில் நடக்கும் முறை) ஈடிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், போட்டு இரண்டு வருடம் ஆகிறது. போட்டுக்கொடுத்த கம்பெனியின் பெயர் வேண்டாம்.

மெஷினில் குறை இல்லை. ஒரே தொட்டியில் தண்ணீரை நிரப்பி, புளோயரால் காற்று ஊதி, படியவிட்டு, தெளிந்த மேல்நீரை எடுக்கிறது. படிவுத் தொட்டி தனியாக வேண்டாம், இடம் மிச்சம். சாணிக் கரைசல் ஊற்றித்தான் தொடங்கினோம். ஒரு மாதத்தில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, பழுப்புச் சேறாகத் திரண்டு, மண்வாசம் வந்துவிட்டது.

ஆனால் ரத்தத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. கழுவிய நீரோடு அதுவும் தொட்டிக்குத்தான் போனது. நுரை பொங்கி வழிந்தது. சுத்திகரித்து வெளியே வரும் நீரின் லேப் ரிசல்ட்டில் பிஓடி (நீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 140 மில்லிகிராம். இருக்க வேண்டியது 30க்குள். வந்து பார்த்த இன்ஜினியர், "பெரிய புளோயரா மாத்திடுங்க சார்" என்று கொட்டேஷனை நீட்டினார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கோழிக்கு 70 மில்லி என்று வைத்தாலும் நாளுக்கு 100 லிட்டர் ரத்தம். ரத்தத்தின் பிஓடி லிட்டருக்கு ஒன்றரை லட்சம் மில்லிகிராம் அளவில் இருக்கும். அப்படியென்றால் அந்த 100 லிட்டர் மட்டுமே தொட்டிக்குள் போகும் மொத்தத் தண்ணீரின் பிஓடியை 1,000 ஏற்றிவிடும்! புளோயரை வாங்காமல், ரத்தம் வடிய ஒரு ஸ்டீல் தொட்டியும் டிரம்களும் வைத்தேன். கோழிக் கழிவை உருக்கித் தீவனமும் கொழுப்பும் எடுக்கும் ரெண்டரிங் ஆலையிலிருந்து கழிவு எடுக்க வரும் வண்டியே அதையும் ஏற்றிக்கொள்கிறது. அடுத்த மாதம் பிஓடி 26. புளோயர் அதே பழைய புளோயர்தான்.

அப்புறம் புரட்டாசி வந்தது. வெட்டு பாதிக்கும் கீழே போனது. தீனி இல்லாமல் நுண்ணுயிர்கள் செத்து, சேறு உதிர்ந்து மேல்நீரோடு போய்விட்டது. தீபாவளிக்கு வெட்டு ஒரேயடியாக ஏறியதும் தொட்டி நாறத் தொடங்கியது. போன் செய்தால், "லோடு குறையும்னு நீங்க சொல்லலையே" என்றார்கள். கோழிக்காரனுக்கு ஈடிபி விற்கிறவருக்குப் புரட்டாசி எப்போது வரும் என்று நான் சொல்லித்தர வேண்டுமா?

இந்த வருடம் புரட்டாசியில் புளோயர் ஓடும் நேரத்தைக் குறைத்து, தினமும் வெல்லக் கரைசல் ஊற்றினோம். ஒரு லிட்டர் சிலிண்டரில் அரை மணி நேரம் படியவிட்டுப் பார்த்தால், அடியில் தங்கும் சேற்றின் அளவு 300 மில்லிக்குக் கீழே குறையவே இல்லை; நுண்ணுயிர்கள் சாகவில்லை என்று அர்த்தம். தீபாவளி வெட்டையும் தாங்கிவிட்டது.

மெஷினுக்கு நாலு ஸ்டார், சர்வீஸுக்கு ஒன்று. வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தை நான் புதுப்பிக்கவில்லை.