திருகோணமலை டவுன்ல நடக்கிற ரிசேர்ச் மெதட்ஸ் வகுப்பு, போகலாமா?

ஃபைனல் இயர் பிஸ்னஸ் ப்ரொஜெக்ட் செய்யிற பிள்ளையள் தாராளமா போகலாம். கூகுள் ஃபோர்ம் ஒண்ட வாட்ஸப்ல தட்டிவிட்டு எஸ்பிஎஸ்எஸ் எண்ட புள்ளிவிபர சொஃப்ட்வெயார்ல போட்டா வேலை முடிஞ்சுது எண்டுதானே எல்லாரும் நினைக்கினம், ஆனா வகுப்பெடுக்கிற சேர் முதல் கேட்டதே உங்கட கேள்வி 'எத்தினை பேர்' எண்டதா 'ஏன்' எண்டதா எண்டுதான். உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ் ஒண்ட வச்சு விளங்கப்படுத்தினார், எத்தினை வீதம் ஆக்கள் திரும்ப வருவினம் எண்டு அறிய சர்வே, விடை கூடினா 5% அங்கால இங்கால போகலாம், அதில 95% நம்பிக்கை வேணும் எண்டா, பெரிய கூட்டத்துக்கு 384 பேர் மட்டில வேணும், அதுவும் ரேண்டமா எடுத்தாத்தான், சிநேகிதர் குரூப்புக்கு அனுப்பிறதெல்லாம் கணக்கில வராது. ஏன் திரும்ப வரேல்ல எண்டதுக்கு இருந்து கதைக்கத்தான் வேணும், புதுசா ஒண்டும் வராம போற மட்டும் கதைக்கோணுமாம். முதல் கொஞ்சப்பேரோட கதைச்சு, அவை சொன்னத வச்சு ஃபோர்ம் செய்யுங்கோ எண்டார், எனக்கு பிடிச்சதே அதுதான்.

குறை எண்டா இன்டர்வியூவ கோட் பண்ணிற, அதாவது ஆக்கள் சொன்னத கருத்து கருத்தா பிரிச்சு பேர் வைக்கிற பகுதிய ஓட்டமா ஓட்டிட்டார், உண்மையில கஷ்டமே அதிலதான். ரூமும் சரியான வெக்கை, ஃபேன் சத்தத்தில பின் வாங்கில இருக்கிறாக்களுக்கு ஒண்டும் கேக்காது, நேரத்தோட போய் முன்னுக்கு இருங்கோ.