விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கணினியைக் கொடுக்கும் முன்: சுங்கை சிப்புட் வட்டாரத்தாருக்கு

சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பழைய கணினி வைத்திருப்பவர்கள் இதைக் கடைசி வரை படியுங்கள். விண்டோஸ் 10-ஐ விண்டோஸ் 11 ஆக மாற்றித் தருவதாகச் சொல்லி, ஒரு கணினிக் கடை என்னிடமும் என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் ஆளுக்கு 250 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியது. அதற்குக் கொடுத்தது திருட்டு நகல். அதைவிடக் கொடுமை, பெரியவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த படங்களைக் கேட்காமலே அழித்துவிட்டது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் இதைச் செய்த விதம்தான் எல்லாருக்கும் தெரிய வேண்டும். அதே வேலையை யாரும் எங்கும் செய்யலாம்.

தொடக்கம் ஒரு புலனச் (வாட்ஸ்அப்) செய்தி. 2025 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஊர்க் குழுக்களில் அது சுற்றியது: 'அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10 கணினிகள் திறக்காது, வங்கிக் கணக்கும் வேலை செய்யாது, உடனே மாற்றிக்கொள்ளுங்கள், அசல் உரிமத்துடன் 250 வெள்ளி.' இதில் தேதி மட்டும்தான் உண்மை. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. அதனால் எந்தக் கணினியும் பூட்டிக்கொள்ளவில்லை. முன்போலவே திறக்கும், முன்போலவே ஓடும். மாதந்தோறும் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் இனி தாமாக வராது, அவ்வளவுதான். இணையத்தில் பணம் அனுப்புகிறவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'திறக்காது' என்று சொல்லிக் கிழவர்களைப் பயமுறுத்துவது வியாபாரம் ஆகாது.

என்னுடையது 2017-இல் வாங்கிய மடிக்கணினி. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் வரவு செலவும், தோட்டம் கைமாறியபோது ஊரை விட்டுப் போன குடும்பங்களின் பெயர்ப் பட்டியலும் அதில்தான் இருக்கின்றன. கடையில் இருந்த பையனிடம், "பழைய கோப்புகள், செயலிகள் எதுவும் போகக்கூடாது, மேம்படுத்தல் மட்டும் செய்ய வேண்டும்" என்று தெளிவாகச் சொன்னேன். "ஒன்றும் போகாது அண்ணே, எல்லாம் அப்படியே இருக்கும்" என்றான். ரசீதில் 'விண்டோஸ் 11 மேம்படுத்தல், அசல் உரிமம்' என்று எழுதித் தரச் சொன்னேன். எழுதி, கடை முத்திரையும் வைத்துக் கொடுத்தான். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்தத் துண்டுக் காகிதம்தான்.

கணினி அன்று மாலையே திரும்பி வந்தது. முதல் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. இடது மூலையில் இருந்த தொடக்கப் பொத்தான் நடுவுக்கு வந்திருந்தது. சாளரங்களின் முனைகள் வளைந்திருந்தன. இரண்டு சாளரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்துவது மிக எளிதாக இருந்தது. ஒரு பக்கம் பழைய பேரேடு, மறுபக்கம் புதிய கணக்கு என்று வேலை செய்பவருக்கு அது பெரிய உதவி. பிடிக்காதவையும் உண்டு. வலப்பக்கச் சொடுக்கில் வரும் பட்டியலைச் சுருக்கிவிட்டார்கள்; வழக்கமாகத் தேடும் பாதிக் கட்டளைகள் 'மேலும் காட்டு' என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. பணிப்பட்டையை நான் எப்போதும் திரையின் இடப்பக்கத்தில் வைத்திருப்பேன். இங்கே அது கீழே இருந்து நகர மறுத்தது. இவையெல்லாம் பழகிவிடும்.

பழக முடியாதது அடுத்து வந்தது. என் செயலிகள் ஒன்றுகூட இல்லை. கோவில் கணக்கு இருந்த கோப்புறை இல்லை. மேம்படுத்தல் என்றால் பழைய விண்டோஸின் மேலேயே புதியது ஏறும். கோப்புகளும் செயலிகளும் இருந்த இடத்தில் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் முதல் 10 நாளுக்குள் பழையதற்கே திரும்பும் வழியும் அமைப்புகளில் இருக்கும். என் கணினியில் அந்த வழி இல்லை. வட்டை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவியிருந்தார்கள். அவர்களுக்கு அதுதான் வேகம்: ஒரே விரலியை (பென் டிரைவை) ஒவ்வொரு கணினியிலும் செருகி, அரை மணி நேரத்தில் அடுத்த ஆளிடம் போகலாம். கோவில் கோப்புகளை முன்பே வெளிவட்டில் நகலெடுத்து வைத்திருந்ததால் கணக்கு பிழைத்தது.

கந்த சஷ்டி அறிவிப்பைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது தமிழ் விசைமுகத்தைத் தேடினேன். பட்டியலில் தமிழே இல்லை. கடைக்குப் போய்க் கேட்டால், "விண்டோஸ் 11-இல் தமிழ் வராது அண்ணே, தனியாகப் போட வேண்டும், 40 வெள்ளி ஆகும்" என்கிறான். எனக்குக் கோபம் தலைக்கேறியது அப்போதுதான். நம் மலேசிய நாட்டு முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கிக் கணினியில் தமிழுக்கு வழி போட்டார். அந்த அஞ்சல் விசைமுகமும் தமிழ்99 விசைமுகமும் இன்று விண்டோஸ் 11-க்குள்ளேயே இருக்கின்றன. ஈப்போவில் என் தங்கை வாங்கிய புதிய மடிக்கணினியில் நானே அவற்றைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். இலவசமாக இருப்பதை எடுத்துவிட்டு, அதையே விலைக்கு விற்கப் பார்த்தார்கள்.

அன்றிரவு கணினியை முழுவதுமாகச் சோதித்தேன். அவர்கள் நிறுவியது மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் அல்ல. யாரோ பல பகுதிகளை வெட்டியெடுத்து 'எடை குறைத்த' நகல். தமிழ் அதில்தான் போயிருக்கிறது. இற்றைப்படுத்தும் (அப்டேட்) சேவையும் முடக்கப்பட்டிருந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்று பயமுறுத்திப் பணம் வாங்கியவர்கள், திருத்தமே வராத ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள்!

உரிமமும் பொய். அதை நீங்களே சோதிக்கலாம். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சிறு பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு (/) போட்டு, அதை ஒட்டி எக்ஸ், பி, ஆர் என்று அடித்து, எண்டர் விசையை அழுத்துங்கள். முறையான உரிமம் உள்ள வீட்டுக் கணினி 'நிரந்தரமாகச் செயல்படுத்தப்பட்டுள்ளது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும். என் கணினி ஏப்ரல் மாதத்தில் ஒரு தேதியைக் காட்டி, 'அன்று காலாவதியாகும்' என்றது. பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரு சொந்த வழங்கி (சர்வர்) வைத்து உரிமம் கொடுப்பது உண்டு. அந்த முறையில் ஒரு தடவை கொடுக்கும் உரிமம் 180 நாள் செல்லும்; அதற்குள் கணினி அந்த வழங்கியைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ளும். திருட்டுக் கருவிகள் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு போலி வழங்கியை உட்கார வைத்து இந்த முறையை ஏமாற்றுகின்றன. தோட்டத்து வீட்டில் இருக்கும் ஒற்றை மடிக்கணினி காலாவதித் தேதி காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். நிரந்தரம் என்று காட்டுவதால் மட்டும் அது அசல் என்று ஆகிவிடாது. வேறு வகைத் திருட்டும் இருக்கிறது. ஆனால் தேதி காட்டினால் சும்மா விடாதீர்கள்.

என்னை மிகவும் பதற வைத்தது இன்னொன்று. அந்தப் போலிக் கருவியை நச்சுநிரல் தடுப்பான் பிடித்துவிடும் என்பதால், 'இந்தக் கோப்புறையைச் சோதிக்காதே' என்று தடுப்பானுக்கு விலக்கு எழுதி வைத்திருந்தார்கள். வீட்டுக் காவலாளியிடம் பின்கதவைப் பார்க்காதே என்று சொல்லி வைப்பது போன்ற வேலை இது. அந்தக் கோப்புறைக்குள் நாளை எது வந்து உட்கார்ந்தாலும் தடுப்பான் எட்டிப் பார்க்காது. இப்படிப்பட்ட கணினியில் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்கவே கூடாது.

இவ்வளவையும் அவர்கள் செய்த என் கணினியோ, விண்டோஸ் 11-க்குத் தகுதியே இல்லாதது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு, அத்துடன் மைக்ரோசாப்டின் பட்டியலில் உள்ள நுண்செயலி. இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல்தான் பட்டியல் தொடங்குகிறது. என்னுடையது ஏழாம் தலைமுறை, ஐ5-7200யு. மற்றவை எல்லாம் இருந்தும் நுண்செயலி இடம் கொடுக்கவில்லை. இந்தச் சோதனையைத் தாண்டிக் குதிக்க வழிகள் உண்டு. அப்படி நிறுவினால் இற்றைப்படுத்தல்களுக்கு உரிமை கிடையாது என்று மைக்ரோசாப்டே எச்சரிக்கிறது. அதைத் தெரிந்து விரும்பிச் செய்பவர் செய்யட்டும். வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தது மோசடி.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் கதை இதற்கு நேர்மாறானது. அவர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மேசைக் கணினி 2020-இல் வாங்கியது, பத்தாம் தலைமுறை நுண்செயலி. எல்லாத் தகுதியும் உண்டு. தகுதியுள்ள விண்டோஸ் 10 கணினிக்கு விண்டோஸ் 11 இலவசம். அமைப்புகளில் இற்றைப்படுத்தல் பக்கத்தைத் திறந்தால் அங்கேயே அழைப்பு இருக்கும். ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும். அதற்கு ஒரு கடை 30 வெள்ளியோ 50 வெள்ளியோ கூலி கேட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். உழைப்புக்குக் கூலி உண்டு. இவர்கள் அவருடைய அசல் உரிமத்தை ஓரம் தள்ளிவிட்டு, திருட்டு நகலைப் போட்டு, 'உரிமக் கட்டணம்' என்று வாங்கினார்கள்.

அவருடைய வட்டையும் அழித்தார்கள். அதில் பழைய லயங்களின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், படங்கள் இருந்தன. செம்பனைக்காக லயங்களை இடிக்கும் முன் வீடு வீடாகப் போய் அவர் எடுத்தவை. ஒவ்வொரு படத்துக்கும் அந்த வீட்டில் இருந்தவரின் பெயரையே கோப்பின் பெயராக வைத்திருந்தார். பெரியம்மா உயிரோடு இருந்தபோது எடுத்த படங்களும் அங்கேதான். "தம்பி, அவன் ஒன்றும் போகாது என்றுதானே சொன்னான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவருடையது சுழலும் பழைய வகை வட்டு என்பதால் மட்டும் ஓரளவு மீட்க முடிந்தது. கணினியை உடனே அணைக்கச் சொல்லிவிட்டு, வட்டைக் கழற்றி, போட்டோரெக் என்னும் இலவச மென்பொருளை இன்னொரு கணினியிலிருந்து ஓட்டினேன். அது வட்டில் எஞ்சியிருக்கும் படங்களைத் தோண்டி எடுக்கும்; ஆனால் கோப்பின் பழைய பெயர் வராது. எண்களாகத்தான் வரும். யாருடைய வீடு எது என்று பெரியப்பா இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல, நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சில வாசல்களை அவராலும் அடையாளம் காண முடியவில்லை. பல படங்கள் வரவே இல்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், அந்த வட்டில் எதையும் புதிதாகச் சேமிக்காதீர்கள். எந்தக் கோப்பின் மேல் புதியது எழுதப்பட்டதோ அது திரும்பாது. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வகை வட்டுகளில் அழித்த கோப்பு கிடைப்பது மிக அரிது.

கடைக்காரர் முதலில் "மென்பொருளுக்கு உத்தரவாதம் இல்லை" என்றார். பிறகு "எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்றார். நாங்கள் இருவரும் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்தோம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. குறை ஏற்பட்டு மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். ரசீதின் நகல், திரையில் வந்த காலாவதித் தேதியின் படம், கடை அனுப்பிய புலனச் செய்தி ஆகியவற்றை இணைத்தோம். விசாரணை நாளில் 'அசல் உரிமம்' என்று எழுதிய ரசீதைக் காட்டியதும் கடைக்காரர் இருவருக்கும் முழுப் பணத்தையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டார், கொடுத்தும்விட்டார். படங்களுக்கு என்ன விலை கேட்பது என்று பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. அதனால் அதைக் கேட்கவில்லை.

என் மடிக்கணினியில் மீண்டும் விண்டோஸ் 10 ஹோம் நிறுவினேன். வாங்கியபோதே உரிமக் குறியீடு தாய்ப்பலகையில் பதிந்திருந்ததால், அது எதையும் கேட்காமல் தானே செயல்பட்டது. பிறகு, விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து தரும் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தேன். 2026 அக்டோபர் 13 வரை வீட்டுக் கணினிகளுக்கு மைக்ரோசாப்ட் இதைத் தருகிறது. 30 அமெரிக்க டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அதனுடன் ஒத்திசைத்தால் கட்டணமின்றிச் சேரலாம். சேரும் இணைப்பு இற்றைப்படுத்தல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் புலனச் செய்தியில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெரியப்பாவின் கணினியில் முறையான விண்டோஸ் 11 ஓடுகிறது, அவருடைய பழைய உரிமத்திலேயே, ஒரு காசு செலவில்லாமல். தமிழ்99-உம் அதில் இருக்கிறது.

அக்டோபரில் அதே செய்தியைப் பார்த்துக் கணினியைக் கொடுத்தவர்கள் நம் வட்டாரத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் இருப்பேன். கணினியையும் ரசீதையும் கொண்டு வாருங்கள். ரசீது இல்லை என்றால் பணம் அனுப்பிய வங்கிப் பதிவையாவது கொண்டு வாருங்கள். உரிமத்தைச் சோதித்துச் சொல்கிறேன், மனு எழுதவும் உதவுகிறேன். படங்கள் அழிந்திருந்தால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். கணினியை இப்போதே அணைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.