சோலரின் இன்-பிளேஸ் அப்டேட்: மூன்று ஆண்டு உறவும் ஒரு மாதக் கோபமும்

பார்வை எண்ணிக்கையைப் போல மணிக்கு மணி மாறும் தரவரிசை மதிப்பைப் பெரிய தேடல் இண்டெக்ஸில் எங்கே வைப்பது, சோலர் என்ற தேடல் மென்பொருளின் இன்-பிளேஸ் அப்டேட்டை, அதாவது ஆவணம் முழுவதையும் மறுபடி எழுதாமல் ஒரு புலத்தின் (ஃபீல்டின்) மதிப்பை மட்டும் மாற்றும் வசதியை, நம்பலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மூன்று ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறேன் என்பதால், ஒற்றை வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சோலருக்கு அடியில் இயங்கும் தேடல் நூலகமான லூசீன், இண்டெக்ஸைச் செக்மென்ட் என்ற துண்டுகளாக எழுதிவைக்கிறது; எழுதப்பட்ட பின் அவை மாறாது. எனவே ஓர் எண்ணைத் திருத்துவதற்குக்கூட ஆவணம் முழுவதையும் புதிதாக எழுதி, பழையதை நீக்கப்பட்டதாகக் குறிக்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய பிரதி, செக்மென்ட்களை ஒன்றாக இணைக்கும் மெர்ஜ் நடக்கும் வரை வட்டில் கிடப்பதோடு, சொற்களுக்கான ஆவண எண்ணிக்கையிலும் சேர்ந்துகொண்டே இருப்பதால், பார்வை எண்ணிக்கையைப் புதுப்பித்த பாவத்துக்கு தேடலுக்கு ஆவணம் எவ்வளவு பொருந்துகிறது என்று கணிக்கும் பிஎம்25 மதிப்பெண்ணும் சற்று ஆடும். 2013இல் லூசீன் 4.6 எண்வகை டாக்வேல்யூவை (புலத்துக்குப் புலம் தனியே, ஆவணவாரியாகச் சேமிக்கப்படும் மதிப்பை) மட்டும் தனியே மாற்ற வழிசெய்தது. 2017இல் சோலர் 6.5 அதை இன்-பிளேஸ் அப்டேட்டாக நம் கைக்குத் தந்தது. அதற்கு மாறிய பிறகு, ஓயாமல் நடந்துகொண்டிருந்த மெர்ஜ் வேலை கண்ணெதிரே அடங்கியது.

என் எரிச்சலெல்லாம் அதன் மௌனத்தின் மீதுதான். புலம் இண்டெக்ஸ் செய்யப்படாமல், ஸ்டோர் செய்யப்படாமல், ஒற்றை மதிப்புள்ள எண்வகை டாக்வேல்யூவாக இருக்க வேண்டும்; பதிப்பு எண்ணைத் தாங்கும் புலமும், ஒரு புலத்தின் மதிப்பை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் காப்பிஃபீல்ட் வழியே மதிப்பு போய்ச் சேரும் புலமும் அப்படியே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் சோலர் பிழை காட்டாமல், வழக்கமான அட்டாமிக் அப்டேட்டாக முழு ஆவணத்தையும் மறுபடி எழுதிவிட்டு, வெற்றி என்று பதில் அனுப்புகிறது. சென்ற மாதம் வட்டு மீண்டும் திணறியபோது இரண்டு நாள் வன்பொருளைச் சந்தேகித்தேன். காரணம், புலங்களை வரையறுக்கும் ஸ்கீமாவில் நானே சேர்த்திருந்த ஒரு காப்பிஃபீல்ட். இன்-பிளேஸாக முடியாவிட்டால் மறுத்துவிடு என்று கோரிக்கையிலேயே சொல்ல ஓர் அளவுரு இருப்பதை அதன் பிறகுதான் படித்தேன். அதை ஏன் இயல்பிருப்பாக வைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்-பிளேஸ் என்ற பெயரும் பாதி உண்மைதான். ஒரே ஓர் ஆவணத்தின் எண் மாறினாலும், அந்தச் செக்மென்ட்டில் அந்தப் புலத்துக்குரிய மதிப்புகள் முழுவதும் புதிய கோப்பாக எழுதப்படுகின்றன. இயல்பமைப்பில் மெர்ஜ் வழியே செக்மென்ட் 5 ஜிபி வரை வளரக்கூடும் என்பதால், எத்தனை மதிப்புகளை மாற்றுகிறோம் என்பதைவிட எத்தனை முறை கமிட் செய்கிறோம் (மாற்றங்களை வட்டில் நிலைப்படுத்துகிறோம்) என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு ஒன்றாக இருந்த கமிட்டைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக்கிய பின் இதில் தொல்லை இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பருக்கு நான் பரிந்துரைத்தது மதிப்புகளை இண்டெக்ஸுக்கு வெளியே ஒரு கோப்பில் வைக்கும் பழைய எக்ஸ்டர்னல் ஃபைல் ஃபீல்டைத்தான். சாவி, சமக்குறி, மதிப்பு என்று வரிவரியாக எழுதிய வெறும் உரைக் கோப்பு அது. அந்தப் புலத்தில் தேட முடியாது. ஒவ்வொரு சர்வருக்கும் கோப்பை நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். புதிய மதிப்பு கமிட்டுக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியும்.

அப்படியானால் நீங்கள் ஏன் இன்னும் மாறவில்லை என்று அவர் கேட்டார். அந்த அளவுருவைச் சேர்த்ததிலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்பதை ஒப்புக்கொண்டேன். பரிந்துரையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.