பிளம் வில்லேஜ் தியானச் செயலி: ஆடிட்டர் ஆபீஸுக்குத் தாங்குமா?

கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜி.எஸ்.டி. வேலை பார்க்கிறேன். மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்கிற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதிக்குள் 3பி என்கிற வரி கட்டும் ரிட்டர்ன், இரண்டையும் ஃபைல் பண்ண வேண்டும். "தினமும் தியானம் பண்ணுங்க" என்று சொல்பவர்கள் யாரும் 20-ஆம் தேதி சாயங்காலம் எங்கள் ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பர்சேஸ் பில்லையெல்லாம் கடைசி நேரத்தில் வாட்ஸ்அப்பில் கொட்டிவிட்டு, ஓ.டி.பி. கேட்டால் போனை எடுக்காத கிளையன்ட்டுகள் எங்களுக்கு நிறைய.

பத்து நாள் விபாசனா மௌன தியான முகாமுக்குப் போய்வா என்றாள் தோழி. சென்னை திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற விபாசனா மையம் இருக்கிறது, கட்டணமும் கிடையாது. பத்து நாள் லீவு யார் தருவார்?

அதனால் இந்தச் செயலி. வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் 1982-இல் பிரான்ஸில் தொடங்கிய பிளம் வில்லேஜ் மடத்துக்காரர்கள் வெளியிட்டது. முழுக்க இலவசம். விளம்பரமும் இல்லை, பாதி வழியில் நிறுத்திப் பணம் கேட்பதும் இல்லை. உள்ளே வழிகாட்டும் தியானங்கள், உரைகள், படுத்துக்கொண்டே கேட்கும் தளர்வுப் பயிற்சிகள் எல்லாம் உண்டு. நான் கேட்டவை ஆங்கிலத்தில்தான். குரல் நிதானமாக இருப்பதால் புரிந்துவிடுகிறது. ஆனாலும் அவை வீட்டுக்குத்தான் சரி. ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடினால், தூங்குகிறேன் என்றே எங்கள் சார் முடிவு கட்டிவிடுவார்.

ஆபீஸுக்கு உதவுவது அதிலுள்ள மணி. இடைவெளியை நாமே வைத்துக்கொள்ளலாம். மணி அடித்தால் கையிலிருக்கும் வேலையை விட்டு மூன்று மூச்சு, பிறகு மறுபடி வேலை. அந்த மடத்திலும் மணிச் சத்தம் கேட்டால் நடப்பவர் நின்றுவிடுவார், பேசுபவர் நிறுத்திவிடுவார். முதல் தடவை அடித்தபோது, சி.ஏ. படித்துக்கொண்டே எங்களிடம் பயிற்சி எடுக்கும் ஆர்ட்டிகிள் பையன், "ஏனுங்கக்கா, பூஜை ஏதாச்சும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றான். இப்போது அவனும் மவுஸிலிருந்து கையை எடுக்கிறான், டீ குடிக்கிற சாக்கில்.

எங்கள் வேலைக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், 3பி-யை ஃபைல் பண்ணிவிட்டால் அதைத் திருத்த முடியாது. தவறு இருந்தால் பின்னால் வரும் மாதத்தில்தான் சரிசெய்ய வேண்டும். ஐ.ஜி.எஸ்.டி.யில் (வெளிமாநில விற்பனைக்கான வரி) போக வேண்டிய தொகை சி.ஜி.எஸ்.டி. (மாநிலத்துக்குள் விற்பதில் மத்திய அரசின் பங்கு) கட்டத்தில் உட்கார்ந்திருப்பது, அவசரத்தில் பத்து தடவை பார்த்தாலும் கண்ணில் படாது. நிறுத்தி மூச்சு விட்டுப் பார்த்தால் படுகிறது. அதனால் மணி அடிக்காவிட்டாலும் ஃபைல் பட்டனுக்கு முன்னால் மூன்று மூச்சு என்று வைத்துக்கொண்டேன். திக் நியட் ஹான் போனுக்கும் இதையே சொல்லியிருக்கிறார்: அடித்ததும் பாயாதே, சில ரிங் மூச்சைக் கவனித்துவிட்டு எடு. கோபமாகக் கூப்பிடும் கிளையன்ட்டிடம் இது நன்றாகவே வேலை செய்கிறது. அவருடைய கோபம் அப்படியேதான் இருக்கும், என் குரல்தான் ஏறாது.

முதலாளிகள் யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு இந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஆள் எடுங்கள்.

ஐந்துக்கு நான்கு தருவேன். தமிழ்க் குரல் கிடைத்தால் மிச்சமுள்ள ஒன்றையும் தந்துவிடலாம். போடுகிறவர்கள் போனின் பேட்டரி சேவரில் இந்தச் செயலிக்கு விலக்கு கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சில போன்களில் மணி அடிக்காமலே போகலாம். சத்தத்தையும் பக்கத்து மேஜை வரை மட்டும் கேட்கிற மாதிரி வையுங்கள்.